மாத்திரையை நிறுத்திவிட்ட நண்பனுக்கு

அன்புள்ள சண்முகம்,

பேத்தி பிறந்த செய்தி கண்டு வீடே மகிழ்ந்தது. இங்கே கமலாவுக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது; கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அந்த இரண்டு வரிகள்தான் மனத்தை விட்டு அகலவில்லை. கணுக்கால் வீங்குகிறது என்று பிரஷர் மாத்திரையை நீயாகவே நிறுத்திவிட்டாய். 'இப்போது உடம்பு நன்றாகவே இருக்கிறது' என்றும் எழுதுகிறாய். உயிரியல் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கேள்.

ரத்த அழுத்தத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனிகளின் கண்ணுக்கே தெரியாத கிளைகளான நுண்தமனிகள். அவற்றின் சுவரில் வட்டமாகத் தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் குறுகும்; ஆரம் பாதியானால் ரத்தம் ஓடுவதற்கான தடை 16 மடங்காகும். நீ சாப்பிட்ட அம்லோடிபின், அந்தத் தசைக்குள் கால்சியம் புகுவதைக் குறைத்து அதைத் தளர்த்துகிறது. நுண்தமனி திறந்துகொள்கிறது. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைப் பக்கமோ அந்த அளவுக்கு விரிவதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மிக மெல்லிய குழாய்களான தந்துகிகளின் சுவர் ஒரே ஓர் அடுக்குச் செல்தான். அங்கே அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. நின்றும் உட்கார்ந்தும் பொழுதைக் கழிக்கிறவர்களுக்கு அது கணுக்காலில் வந்து தேங்கும். உன் வீக்கம் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். இருந்தாலும் இதயமும் சிறுநீரகமும்கூடக் காரணமாகலாம் என்பதால் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கவோ வேறு வகை மாத்திரை சேர்க்கவோ அவர்களுக்கு வழி இருக்கிறது.

உடம்பு நன்றாக இருக்கிறது என்பதை நம்பாதே. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் உயர்ந்தே இருந்தால், சில நாட்களிலேயே அவை அந்த உயர்வையே இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் மூளை, சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் மெல்லிய குழாய்கள் அடி வாங்கிக்கொண்டே இருக்கும்; வலியே இருக்காது. இந்த விசையை ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் கண்ணால் பார்த்தார். ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-இல் அதை வெளியிட்டார். உன் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 160 என்பதும் ரத்தத்தை ஆறரை அடிக்கு மேல் உயர்த்தி நிறுத்தும் விசைதான். அது ஒவ்வொரு துடிப்பிலும் அந்த மெல்லிய சுவர்கள்மேல் மோதுகிறது என்று நினைக்கும்போது எனக்குப் பதறுகிறது.

இன்றே டாக்டரைப் பார். வீட்டில் அளக்கும்போது ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட உட்கார். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். எண்களை ஒரு நோட்டில் குறித்து அவரிடம் காட்டு. தனியாகப் போகத் தயக்கம் என்றால் போன் செய், காலை பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.

உன்,
ராமநாதன்