அப்டேட்டுக்குப் பிறகு சுருங்கிய குவில்ட் வரைபடங்கள்: வரைபட மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வரைபட மென்பொருள் நிறுவனம் (இந்தியப் பிரிவு).

பொருள்: புதிய பதிப்பில் பழைய கோப்புகளின் அளவு சொல்லாமல் மாறியது, அதனால் துணி வீணானது: பழைய பதிப்பு, திருத்தம், இழப்பீடு கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் மென்பொருளில் நான் போஸ்டரோ லோகோவோ வரைவதில்லை. குவில்ட் வடிவங்கள் வரைகிறேன். கோலங்களை எடுத்து, துணியில் வெட்டித் தைக்கக்கூடிய பிளாக்குகளாக மாற்றுவது என் தொழில். சிலவற்றை நானே தைத்துக் கொடுக்கிறேன், மற்றவற்றைப் பிடிஎஃப் பேட்டர்னாக விற்கிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் உதவிப் பிரிவிலிருந்து இதுவரை வந்த பதில்கள் எல்லாமே, படம் திரையில் நன்றாகத் தெரிகிறதே, பிறகு என்ன குறை என்ற தொனியில்தான் இருந்தன. திரையில் நன்றாகத்தான் தெரிகிறது. கத்தரிக்கோல் வைத்தால்தான் குறை தெரியும்.

குவில்ட் தைப்பவர்களுக்கு அளவு எவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க அனுமதியுங்கள். மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த பாகம், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத் துணி, இந்த மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்ட். மேல் பாகம் பெரும்பாலும் ஒரே அளவுள்ள சதுர பிளாக்குகளால் ஆனது. தைத்து முடித்தபின் 12 இன்ச் வர வேண்டிய பிளாக்கை 12.5 இன்ச்சாக வெட்ட வேண்டும், சுற்றிலும் கால் இன்ச் தையலுக்குப் போய்விடும். ஒவ்வொரு தையலிலும் 1/16 இன்ச் தவறினால், எட்டுத் தையல் தாண்டுவதற்குள் அரை இன்ச் போய்விடும். அப்புறம் பக்கத்துப் பிளாக்கோடு முனையும் சேராது, கோடும் சேராது. ஜாக்கெட்டாக இருந்தால் ஓரத்தைப் பிரித்து ஒரு மாதிரி சமாளிக்கலாம். குவில்ட்டில் அந்த வசதி கிடையாது.

குவில்ட்டுக்கென்றே ஈக்யூ8 போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனாலும் உங்களுடையதைத் தேர்ந்தெடுத்தேன், அதற்காக வருந்தவும் இல்லை, போன அப்டேட் வரும்வரை. நேர்ப்புள்ளிக் கோலத்துக்குச் சதுரக் கட்டம் போதும். இடைப்புள்ளி வைத்தால் 60 டிகிரி முக்கோணங்களும் அறுகோணங்களும் வந்துவிடும், அதற்கு உங்கள் ஐசோமெட்ரிக் கட்டம் அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. சிக்குக் கோலத்தின் கம்பியை, துணியை மூலைவாட்டில் வெட்டிய பட்டையாகத் தைப்பேன். அந்த வளைவுகளை ஒவ்வொரு புள்ளியாக இழுத்துத் திருத்துவது உங்கள் மென்பொருளில் வந்ததுபோல் வேறெதிலும் எனக்கு வரவில்லை. நல்லதை நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் புகாருக்கு வருகிறேன்.

உங்கள் பழைய பதிப்புகள் ஒரு இன்ச்சுக்கு 90 பிக்சல் என்று கணக்கு வைத்தன. புதிய பதிப்பு 96 என்று வைக்கிறது. கோப்புக்குள் அளவுகள் இன்ச்சாக இல்லை, வெறும் பிக்சல் எண்ணாகவே சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே 12.5 இன்ச்சாக நான் வரைந்த சதுரம் 1125 பிக்சல். அதே 1125-ஐப் புதிய பதிப்பு 96-ஆல் வகுக்கிறது. 12.5 இன்ச் இருந்த இடத்தில் 11.72 இன்ச் நிற்கிறது. எல்லாப் பழைய கோப்புகளும் 93.75 சதவீதமாகச் சுருங்கிவிட்டன. திறக்கும்போது ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு கேள்வி இல்லை. அப்டேட் குறிப்பில் "தரநிலை இணக்கம் மேம்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. அது இதைத்தான் சொல்கிறது என்று யாருக்குப் புரியும்?

96 என்ற எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. இணையத் தரநிலையில் ஒரு இன்ச்சுக்கு 96 பிக்சல் என்பது எனக்கும் தெரியும். இதே மாற்றத்தை இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப் 2017-இல், 0.92 வரிசையில் செய்தது. பழைய கோப்பைத் திறந்தால், இது பழைய அளவில் இருக்கிறது, எப்படி மாற்ற வேண்டும் என்று ஒரு சிறு பெட்டி வந்து கேட்டது. பணம் வாங்காதவர்கள் கேட்டார்கள். ஆண்டுதோறும் பணம் வாங்குகிற நீங்கள் கேட்கவில்லை.

இனி, இதை விடவும் என்னைக் கோபப்படுத்திய விஷயம். 12.5 இன்ச் பிளாக் ஒரு ஏ4 தாளில் அடங்காது, பல தாள்களில் அச்சிட்டு ஒட்ட வேண்டும். அப்படி அச்சிடும்போது உங்கள் மென்பொருளே முதல் தாளின் மூலையில் ஒரு இன்ச் சோதனைக் கட்டம் போடுகிறது. ஸ்கேலை வைத்து அது சரியாக ஒரு இன்ச் இருந்தால் அச்சு சரி என்று உங்கள் உதவிப் பக்கமே சொல்கிறது. பிரிண்டர் "தாளுக்குப் பொருத்து" என்று தானாகச் சுருக்கிவிட்டால் கண்டுபிடிப்பதற்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டம் என் கோப்பில் இருந்து வருவதில்லை, அச்சிடும் நேரத்தில் புதிய கணக்குப்படி புதிதாக வரையப்படுகிறது. ஆகவே கட்டம் ஒரு இன்ச் சுத்தமாக இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் என் பிளாக் சுருங்கியிருக்கிறது. தராசைச் சாய்த்துவிட்டு, எடைக்கல்லில் மட்டும் அரசு முத்திரை சரியாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டியது போல இருக்கிறது இது. அந்தக் கட்டமே இல்லாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

சேதம் என்னவென்று சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் தன் மறைந்த தாயாரின் கண்டாங்கிச் சேலைகளைக் கொடுத்து, அவற்றை ஒரு குவில்ட்டாகத் தைத்துத் தரச் சொல்லியிருந்தார். பழைய கைத்தறிப் பருத்தி, அகலமான கரை, கட்டம் போட்ட உடல். கட்டத்தையும் கரையையும் கோலத்தின் எந்த இடத்தில் வைப்பது என்று திரையில் பார்த்துப் பார்த்து அமைத்திருந்தேன். பாதி பிளாக்குகள் அப்டேட்டுக்கு முன் வெட்டியவை, மீதி அதற்குப் பின். பின்னால் வெட்டியவற்றைக் கால் இன்ச் ஓரத்தில் தைத்தால் 11.22 இன்ச்தான் வருகிறது, முன்னவை 12 இன்ச். இரண்டையும் ஒரே வரிசையில் சேர்க்க வழியே இல்லை. பெரியவற்றை வெட்டிச் சிறிதாக்கினால் கோலத்தின் முனைகள் தையலுக்குள் போய் மழுங்கிவிடும். கடைத் துணியாக இருந்தால் மறுநாளே போய் இன்னும் நான்கு மீட்டர் வாங்கியிருப்பேன், உங்களுக்கு இந்தக் கடிதமும் வந்திருக்காது. அந்தச் சேலைகளை எங்கே போய் வாங்குவது? வாடிக்கையாளரிடம் நடந்ததைச் சொல்லி, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பேட்டர்ன் விற்பனையிலும் இதே கதை. அப்டேட்டுக்குப் பின் மென்பொருளிலிருந்து எடுத்த பிடிஎஃப்களை வாங்கியவர்களில் சிலர் அமெரிக்காவில் இருப்பவர்கள். அவர்கள் ஏ4 அல்லாமல் லெட்டர் என்ற வேறு அளவுத் தாளில் அச்சிடுபவர்கள் என்பதால், தாள் வித்தியாசத்தால் வந்த குறையோ என்று முதலில் அவர்களும் குழம்பினார்கள். அவர்களுக்கும் பணம் திரும்பப் போனது.

உங்கள் உதவிப் பிரிவு சொன்ன பதில்களுக்கு வருகிறேன். முதலில் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவச் சொன்னார்கள். பிறகு பிரிண்டரில் 100 சதவீதம் வைக்கச் சொன்னார்கள், அது எப்போதும் 100-இல்தான் இருக்கிறது. பிறகு ஒருவர், உண்மையில் விஷயம் தெரிந்த ஒரே ஒருவர், இது கோளாறு இல்லை, இப்படித்தான் இயங்கும், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 106.67 சதவீதம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த நிமிடமே புகாரை மூடிவிட்டு, சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு மின்னஞ்சல்.

106.67 தனியாக இருக்கும் பிளாக்குக்குச் சரிவரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் பிளாக்குகளைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்து, முழு குவில்ட் வரைபடத்துக்குள் இணைப்பாகச் சேர்க்கிறேன். இப்படிச் செய்வதே நல்லது என்று உங்கள் பயிற்சி வீடியோதான் கற்றுத் தந்தது. இணைத்த கோப்பு ஒருமுறை சுருங்குகிறது, அதைத் தாங்கியிருக்கும் பெரிய கோப்பு திறக்கும்போது இன்னொரு முறை சுருக்குகிறது. 12 இன்ச் பிளாக் அங்கே 10.55 இன்ச்சாக நிற்கிறது. அதே வரைபடத்தில் நேரடியாக வரைந்த ஓரப்பட்டை ஒருமுறைதான் சுருங்கியிருக்கும். இப்போது எதை எத்தனை சதவீதம் பெரிதாக்குவது? பெரிதாக்கும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து கூடுகிறது. அகலத்தைக் காட்டும் பெட்டியோ கோட்டுத் தடிமனையும் சேர்த்தே காட்டுகிறது. ஒரு பாயின்ட் கோடு என்றால் 0.35 மில்லிமீட்டர் கூடுதலாகத் தெரியும். எது உண்மையான அளவு என்று பார்க்க ஒவ்வொரு முறையும் கோட்டை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த அப்டேட்டிலேயே இன்னொன்றும் கெட்டுப்போயிருக்கிறது. தையல் ஓரத்தை ஆஃப்செட் கட்டளையால், அதாவது வடிவத்தைச் சுற்றிச் சம தூரத்தில் இன்னொரு கோடு போடும் கட்டளையால், போடுகிறேன். முன்பு முனை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் ஓரமும் கூர்மையாகவே நீண்டு வரும். இப்போது ஏறக்குறைய 29 டிகிரிக்குக் குறைவான முனைகளைத் தட்டையாக வெட்டிவிடுகிறது, கூர்முனை எவ்வளவு நீளலாம் என்ற எல்லை, அதாவது மைட்டர் வரம்பு, 4 என்று பூட்டப்பட்டிருப்பதால். மாற்றும் பெட்டியைக் காணோம். எட்டு முனை நட்சத்திரத்தின் 45 டிகிரி வைரத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் கதிர்கள் அதிகமுள்ள மரைனர்ஸ் காம்பஸ் போன்ற பிளாக்கில் 25 டிகிரி முனை சாதாரணம். அங்கே முனைக்கு அப்பால் மிஞ்சும் துணி வெறும் 0.05 இன்ச். ஒரு முறை துவைத்தால் நூல் பிரிந்துவிடும். பின்ன எண்களை ஏற்காமல், 7/8 என்று தட்டினால் 7 என்று எடுத்துக்கொள்வதைப் பற்றி இங்கே எழுத மனமில்லை. 0.875 என்று தட்டிப் பழகிக்கொண்டேன்.

சரி, நான் கேட்பது இவை. அப்டேட்டுக்கு முந்தைய பதிப்பை நிறுவும் கோப்பு எனக்கு உடனே வேண்டும். என் கணக்கில் அது "கிடைக்காது" என்று சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பழைய கோப்பைத் திறக்கும்போது இன்ச்சைக் காப்பாற்றுவதா பிக்சலைக் காப்பாற்றுவதா என்று கேட்கும் வசதியை, இணைத்த கோப்புகளுக்கும் சேர்த்து, அடுத்த திருத்தத்தில் கொடுங்கள். அது வரும்வரை அந்தச் சோதனைக் கட்டத்தை எடுத்துவிடுங்கள், அல்லது கோப்பின் கணக்குப்படி வரையச் செய்யுங்கள். மைட்டர் வரம்பை மாற்றும் பெட்டியைத் திரும்பக் கொடுங்கள். இந்தப் புகார் நிலுவையில் இருக்கும்போதே தானாகப் புதுப்பித்து எடுத்துக்கொண்ட ஆண்டுச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். நான் திருப்பிக் கொடுத்த முன்பணத்தையும் பேட்டர்ன் பணத்தையும் இழப்பீடாகத் தாருங்கள். ரசீதுகள் இணைப்பில் உள்ளன. சேலைகளுக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை, அதைக் கேட்கவும் இல்லை.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, குறைதீர்ப்பு அலுவலர் புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். உரையாடல் மென்பொருள் அனுப்பும் "உங்கள் செய்தி கிடைத்தது" என்ற வரியை நான் ஒப்புகையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்துக்குள் தீர்வு வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் நான் வசிக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், கொடுப்பேன். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு ஊர் நீதிமன்றம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

இணைப்பில் ஒரே பிளாக்கின் இரண்டு கோப்புகள், இரண்டு பதிப்புகளில் எடுத்த அச்சுகளின் மேல் ஸ்கேல் வைத்து எடுத்த படங்கள், உதவிப் பிரிவின் மின்னஞ்சல்கள், ரசீதுகள் உள்ளன. வெட்டிய துணித் துண்டுகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், காட்டுகிறேன். அஞ்சலில் அனுப்ப மாட்டேன், அவை வாடிக்கையாளருடையவை. பதிலை எழுத்தில் தாருங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்.