கமுதி நிலம் பார்த்து வந்தேன்

அன்புள்ள சேது,

தீபாவளிக்கு அப்புறம் இப்போதுதான் எழுதுகிறேன், திட்டிக்கொள். எல்லோரும் நலம். போனில் சொன்னால் குறுக்கே புகுந்து பேசுவாய் என்பதால் இந்தக் கடிதம்.

நீ சொன்ன கமுதிப் பக்கத்து இருபது ஏக்கரைப் பார்த்தேன். நாலு மெகாவாட் சோலார் தாராளமாகப் போடலாம். வெயிலுக்குக் குறைவில்லை; 2016 முதல் 648 மெகாவாட் நிலையம் ஓடுகிற வட்டாரம்தானே. நீயும் உன் மச்சானும் போட்டது வெயில் கணக்கு மட்டும். காகிதக் கணக்கு எங்கே?

புரோக்கர் காட்டியது கூட்டுப் பட்டா. ஏழு பேர், அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை, ஒரு வாரிசு மலேசியாவில். நடுவே சீமைக்கருவேலத்துக்குள் ஒரு பள்ளம் போகிறது. "சும்மா மழைத்தண்ணி சார்" என்றான். சர்வே புலப்படத்தில் பார்த்தால் ஓடைப் புறம்போக்கு, கீழே இருக்கிற கண்மாய்க்கு வரத்து அதுதான். அதை மறித்து வேலி போட்டால் முதல் மழைக்கே ஊர் திரண்டு வரும். வரவும் வேண்டும். மேற்கு ஓரமாக ஆடுகளை ஓட்டிப்போன கீதாரி ஒருவர், "வேலி போட்டா நாங்க எப்படிய்யா போறது?" என்று கேட்டார். புரோக்கர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

சரி, நிலம் சுத்தமாகிவிட்டது என்றே வை. கரண்டை யாருக்கு விற்பாய்? மில்லுக்கு என்றால், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீலிங் கட்டணத்தையும் (மின்வாரியக் கம்பி வழியாகக் கரண்டைக் கொண்டுபோகிற வாடகை) சர்சார்ஜையும் (வாரியத்தை விட்டு வெளியே வாங்குவதற்குப் போடுகிற கூடுதல் கட்டணம்) மாற்றும்போதெல்லாம் உன் லாபமும் மாறும். வாரியத்துக்கு என்றால் பணம் எப்போது கைக்கு வரும் என்று விசாரி. ஆந்திராவை மறந்துவிட்டாயா? 2019இல் ஆட்சி மாறியதும், ஏற்கெனவே கையெழுத்தான மின்கொள்முதல் ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கக் கிளம்பினார்கள். வழக்கு நடந்தபோது சோலாருக்கு இடைக்கால விலை யூனிட்டுக்கு 2.44 ரூபாய். கம்பெனிகள் பக்கம் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2022 மார்ச்சில்! பெரிய முதலாளி அதுவரை தாங்குவான். வீட்டை அடமானம் வைத்து இறங்குகிற நீ?

வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் ஆசைதான். துணைமின் நிலையத்தில் உன் நாலு மெகாவாட்டை ஏற்க இடமிருக்கிறதா என்று எழுத்தில் வாங்கு. முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, ஆட்டுப்பாதையை விட்டு வேலி எங்கே வரும் என்று பேசு. அதுவரை அட்வான்ஸ் ஒரு பைசா கொடுக்காதே.

மச்சானிடம் இதைக் காட்டாதே. குற்றாலக் கணக்கையே அவர் இன்னும் தீர்க்கவில்லை.

அன்புடன்,
முருகேசன்