தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர்களுக்கு, ஒரு பிளஸ் டூ பிள்ளையின் அம்மா எழுதுவது

வணக்கம்.

போன வாரம் உங்கள் தொடர் ஒன்றில், பிளஸ் டூ படிக்கிற பெண்ணின் போனை அவள் அம்மா பிடுங்கிப் பார்க்கிறாள். கூடப் படிக்கிற பையன் அனுப்பிய மெசேஜ். அதில் என்ன இருந்தது என்று எங்களுக்குக்கூடக் காட்டவில்லை. பளார் என்று ஓர் அறை. அதையே மூன்று தடவை, இடிச் சத்தத்தோடு, வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தர் முகத்தையும் காட்டிக் காட்டி ஓட்டினீர்கள். மறுநாளே மாமன் மகனோடு நிச்சயம். வாரம் முழுக்க புரோமோவிலும் அந்த அறைதான்.

அதைப் பார்க்கும்போது அத்தை சோபாவில் இருந்தார், நான் கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், மகள் சாப்பாட்டு மேஜையில் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் சாயங்காலம் அவள் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டதும் அத்தை, "யாருடி, பயலா? எங்க, அப்பத்தாகிட்ட காட்டு" என்றார். வகுப்புப் பையன்தான். ரெக்கார்டில் ஏதோ ஒரு ரீடிங் கேட்டிருந்தான். காட்டினாள். காட்டிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். ராத்திரி நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நான் ஏதாவது சொன்னா நீயும் அப்படி அறைவியா?" என்று கேட்டாள். இந்தப் பதினேழு வருஷத்தில் அவளை நான் கை நீட்டி அடித்ததே இல்லை. ஆனாலும் சட்டென்று எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றிலிருந்து அந்த போன் கவிழ்ந்தேதான் கிடக்கிறது.

அத்தைமேல் எனக்கு வருத்தமில்லை. வாரத்துக்கு ஆறு நாள் அவர் பார்க்கிற வீடுகளில் பிள்ளை வளர்ப்பு என்றால் அதுதான். உங்களிடம்தான் கேட்கிறேன்: அறைவதற்கு முன்னால் "என்னம்மா ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்கிற அம்மாவை எழுதுங்கள்.

உங்கள் தொடரில் பையன் குடித்துவிட்டு வந்தால், பெண்ணை அறைந்த அதே அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் சோறு போட்டு அழுகிறாள். பெண்ணுக்கு ஒரு மெசேஜ் வந்தால் படிப்பே நின்றுவிடுகிறது. டியூஷன், நீட் பயம், மாதத் தேர்வு மதிப்பெண்ணை வீட்டில் காட்டத் தயங்கி நிற்பது, இதெல்லாம் உங்கள் கதைப் பிள்ளைகளுக்குக் கிடையவே கிடையாதா? பெற்றோர் கூட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அப்பாக்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். உங்கள் தொடரில் ஒருத்தர்கூட இல்லை.

அப்புறம் அந்த நிச்சயம். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏற்பாடு நடக்கும்போதே தடுத்து நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கதையில் இதை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஒரு டீச்சர்கூட குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு போன் போடவில்லை. ஒருவர் சிகரெட்டைக் கையில் எடுத்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வரி போடத் தெரிகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மாலை மாற்றப் பேசும்போது ஒரு வரி போட உங்களுக்கு இடமில்லையா? குழந்தைகளை இழிவுபடுத்தும் நிகழ்ச்சி கூடாது என்று 1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளிலேயே இருக்கிறது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை வரும் டிஆர்பி உங்களுக்கு எவ்வளவு பெரிய நெருக்கடி என்பது புரிகிறது. சண்டையே வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் சண்டை நடக்கத்தான் செய்கிறது. நான் கேட்பது "என்னம்மா ஆச்சு?" என்கிற அந்த ஒரு கேள்வியைத்தான்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கதை உங்கள் கையில்தான் இருக்கிறது. வரும் வாரத்தில் ஒரு நாள் அந்த அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மெசேஜில் என்ன இருந்தது என்று கேட்கட்டும். பிள்ளை சொல்லி முடிக்கிறவரை குறுக்கே யாரும் பேச வேண்டாம், இடிச் சத்தமும் வேண்டாம். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். அந்த நேரத்தில் என் மகளும் அதே மேஜையில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓர் அம்மா