மாலையில் வாசலில் நிற்கும் வண்டிகள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடியிலும் கோகோவிலும் பிள்ளைகள் நன்றாக விளையாடினார்கள். அறிவியல் கண்காட்சிக்குப் பலர் வந்திருந்தீர்கள், மகிழ்ச்சி. பத்தாம் வகுப்புக்குப் பொங்கல் முடிந்ததும் சிறப்பு வகுப்புகள் தொடங்கும்.

அப்புறம், முக்கியமான ஒரு விஷயம். மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் ஜீப்புகளும் ஆட்டோக்களும் கார்களும் இன்ஜினை அணைக்காமலே வாசலில் நிற்கின்றன. மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே வந்து நிற்பவர்களும் உண்டு. வரிசையில் நிற்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முகத்துக்கு நேராகத்தான் அந்தப் புகை வருகிறது. அவர்களில் மூச்சிரைப்பு உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. விடியுமுன் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, மாலையில் அவர்களை இறக்கிய கையோடு நேராக இங்கே வருகிறீர்கள். அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காது என்று சில ஓட்டுநர்கள் சொன்னார்கள். பழைய டீசல் ஜீப்புக்கு அது நிஜமான கவலைதான். அப்படிப்பட்ட வண்டிகளை மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில் நிறுத்திக்கொள்ளுங்கள், தள்ளி எடுக்க வசதியாக இருக்கும்.

புகை கறுப்பாக இல்லை, அதனால் கெடுதல் இல்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் வேதியியல் நடத்துகிறவன், இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட எடை இருக்காது. ஆனால் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல், கண்ணுக்குத் தெரியாத கார்பன் டை ஆக்சைடு வருகிறது. கூடுதல் எடை எங்கிருந்து வந்தது என்று பத்தாம் வகுப்பில் கேட்டேன். ஒரு மாணவி கரும்பலகையில் போட்டுக் காட்டினாள்: எடையில் டீசலில் உள்ள கார்பன் 12 பங்கு, காற்றிலிருந்து வந்து சேரும் ஆக்சிஜன் 32 பங்கு, ஆக மொத்தம் 44 பங்கு.

பூமியிலிருந்து மேலே போகும் வெப்பத்தை நைட்ரஜனும் ஆக்சிஜனும் தடுப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடோ அந்த அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சி, ஒரு பங்கைக் கீழேயே திருப்பி அனுப்புகிறது. 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் அது சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2024 கோடை வெப்பத்தில் இடுக்கியில் ஏலச்செடிகள் காய்ந்துபோனதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நம் வாசல் புகைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கும் பயனில்லாமல் தினமும் இங்கே டீசல் எரிவதைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை என்னால் நடத்த முடியாது.

ஆகவே திங்கட்கிழமை முதல், இன்ஜின் ஓடும் வண்டியில் எந்தப் பிள்ளையையும் ஏற்றி அனுப்ப மாட்டோம். அவசரம் என்று சொன்னாலும், ஹாரன் அடித்தாலும் இதில் மாற்றமில்லை. வாசலில் நிற்கும் ஆசிரியரிடம் சத்தம் போடுவதை நிச்சயம் அனுமதிக்க மாட்டேன். குறை இருந்தால் நேராக என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

பல பெற்றோர் ஏற்கெனவே புளியமரத்தடியில் வண்டியை அணைத்துவிட்டு நடந்துவந்து பிள்ளைகளை அழைத்துப்போகிறீர்கள். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. நாள் முழுக்க உழைத்த களைப்போடு வந்தும் பொறுமையாகக் காத்திருக்கிற எல்லோருக்கும் நன்றி. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்