நிலையத்துப் பெட்டிகள்

அன்புள்ள சண்முகம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் எட்டு மாதம் கடத்திவிட்டேன்; வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் அனைவரும் நலம்.

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியைப் பற்றிய நம் சண்டையில் நான் தோற்றுவிட்டேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆவணப்படத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுப் பணத்துக்கு ஓடியவர் என்று நான் கத்தியதும், டீக்கடைக்காரர் விளக்கை அணைத்து நம்மை விரட்டியதும் உனக்கு மறந்திருக்காது. அந்தப் பணம் வந்தது 1990களில்; கீஸ்லோவ்ஸ்கியின் மனம் ஆவணப்படத்திலிருந்து அதற்குப் பத்தாண்டு முன்பே விலகத் தொடங்கிவிட்டது.

வார்சா ரயில் நிலையத்தைப் பற்றி 1980இல் ஒரு குறும்படம் எடுத்தாரே, அதற்காக ஓர் இரவு, சாமான் வைக்கப் புதிதாக வைத்த லாக்கர்களைத் திறக்கத் தெரியாமல் பயணிகள் திண்டாடுவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பியதும் போலீஸ் சுருள்களை அள்ளிச்சென்றது. தாயைக் கொன்று, உடலைத் துண்டாக்கிப் பெட்டிகளில் அடைத்த பெண் ஒருத்தி அங்கேதான் அவற்றை வைத்திருந்தாளாம். அவள் படத்தில் விழவில்லை. சுருள்கள் திரும்பி வந்தன. ஆனால் கேமராவைச் சற்றே மறுபக்கம் திருப்பியிருந்தால், கேட்காமலேயே தாம் போலீசுக்கு ஆள்காட்டியாகியிருப்போமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. நிஜக் கண்ணீரைப் படமாக்கத் தமக்கு உரிமை உண்டா என்று அஞ்சியவர், கடைசியில் கிளிசரினே போதும் என்று வந்துசேர்ந்தார்.

இதையெல்லாம் சாக்கு என்று சிரித்தவன் நான். போன மாதம் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றினேன். மருத்துவமனையில் அப்பா என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். பிறகு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார். நான் நிறுத்தவில்லை, சண்முகம். ஃபோகஸைச் சரிசெய்திருக்கிறேன்.

அதற்காக உன்னிடம் முழுவதும் சரணடைந்ததாக நினைத்துக்கொள்ளாதே. நீ உருகும் அந்த ‘நீலம்’ படத்தில் சர்க்கரைக் கட்டி காபியை உறிஞ்சும் ஐந்து நொடிக்காக, உதவியாளரை விதவிதமான கட்டிகளை நனைத்துப் பார்க்கவைத்தாரே, அது ஆவணப்படக்காரரின் பிடிவாதம்தானே? 1994இல் இனிப் படமே எடுப்பதில்லை என்று அறிவித்தவர், 1996 மார்ச்சில், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின், 54 வயதில் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் நம் சண்டை இன்னும் எங்கெங்கோ போயிருக்கும்.

தங்கை அந்தக் கேசட்டைக் கேட்கிறாள். அப்பாவின் குரல் அது ஒன்றில்தான் இருக்கிறது. போர்வை வரும் இடத்தை வெட்டிவிட்டுக் கொடுக்கட்டுமா, அப்படியே கொடுக்கட்டுமா? ஞாயிற்றுக்கிழமை கேட்பாள், அதற்குள் எழுது.

உன்,
ராஜு