சுளுக்கு இல்லை, விழுந்தேன்

அன்புள்ள பெரியவளுக்கு,

போன மாதம் போனில் கை சுளுக்கிக்கொண்டது என்றேன் அல்லவா, அது சுளுக்கு இல்லை. கொல்லைப்புறத்தில் விழுந்துவிட்டேன். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது கால் லேசாக இடறியது. முன்பானால் ஒரு எட்டு வைத்துச் சமாளித்திருப்பேன். இந்தத் தடவை கால் அந்த எட்டை வைக்கவில்லை. துவைக்கிற கல்லைப் பிடித்து எழுந்திருக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை, தம்பி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டான். பயப்படாதே.

அப்புறம் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் அழைத்துப் போனான். கையில் ஒரு கருவியைக் கொடுத்து முடிந்தமட்டும் இறுக்கச் சொன்னாள். 14 கிலோ காட்டியது. ஆசியப் பெண்களுக்கு 18-க்குக் கீழே போனாலே தசை பலம் குறைவு என்று கணக்காம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார 12 நொடிக்குள் முடிய வேண்டும். எனக்கு 17 ஆனது. வயிற்றைச் சுற்றி டேப் வைத்தாள், 95 சென்டிமீட்டர். நம் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும்.

பத்து வருடமாக என் எடை 62 கிலோவிலேயே நிற்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். தொடையில் தசை கரைந்திருக்கிறது, வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. எடை மிஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுப் பக்கம்தான் அதிகம் சேருமாம். தொப்பை உடம்பின் பாரத்தை முன்னால் இழுக்கிறது. இடறும்போது தாங்க வேண்டிய காலுக்கோ பலம் இல்லை.

உன் ஆச்சி இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். அதற்கு இரண்டு வருடம் முன்பே அவள் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் வாசற்படி இறங்குவாள். தினமும் பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

தினமும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். நாற்காலியில் எழுந்து உட்காருகிறேன். சாயங்காலம் கோயில் வரை நடப்பது மட்டும் போதாது, தசைக்குச் சுமை வேண்டும் என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்ட பழக்கத்தையும் மாற்றியாயிற்று. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். அதனால் முட்டை, சுண்டல், பருப்பு, தயிர் என்று வேளைக்கு ஒன்றாவது சேர்க்கிறேன். பாத்ரூம் சுவரில் தம்பி கைப்பிடி வைத்துக் கொடுத்தான்.

நீ மே மாதம் வந்திருந்தாயே, தரையில் உட்கார்ந்து பூக்கட்டிவிட்டு எழும்போது முழங்காலில் கை ஊன்றினாய். பார்த்தேன், சொல்லவில்லை. உனக்கு 43தான் ஆகிறது, நாள் முழுக்க நாற்காலி வேலை. தொப்பையைக் குறைக்கிறேன் என்று பட்டினி மட்டும் கிடக்காதே கண்ணு, கொழுப்போடு தசையும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது உன் வயிற்றளவையும், ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆனது என்பதையும் சொல். எனக்கு நேற்று 15.

அன்புடன்,
அம்மா