மீதி 68 பெயர்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வரலாற்றுப் பாடநூல் எழுதும் பெருமக்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை நான். உங்கள் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டும் வகுப்பில் நின்றேன். அந்த உரிமையில், 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்ற பெண்களின் பெயர்களைப் பற்றி ஒன்று கேட்கிறேன்.

ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளைத் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு அழைத்துப் போனேன். விமானத்தை அண்ணாந்து பார்த்து முடித்ததும், திருச்சுற்று மதிலில் உள்ள ஒரு கல்வெட்டைப் பற்றிச் சொல்லி, அதன் அச்சுப் படியை வாசித்துக் காட்டினேன். முதலாம் இராசராசன் பல ஊர்க் கோவில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோவில் பணிப் பெண்களின், பட்டியல் அது. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எங்கிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஊதியமாகக் கொடுத்த பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் முதல் வீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கையுடையது. ஒரு மாணவி கண்ணை விரித்துக்கொண்டு, “டீச்சர், வீட்டு நம்பர்கூட இருக்கிறதே!” என்றாள்.

அந்தப் பெண்களின் வாழ்வு இனிமையானது என்று நான் சொல்ல வரவில்லை. ஊர்விட்டு ஊர் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுடைய விருப்பத்தைப் பற்றிக் கல்வெட்டு ஒன்றும் பேசவில்லை. ஆனால் கணக்கு எழுதியவர், ‘பெண்டுகள் நானூற்றுவர்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு போய்விடவில்லை.

பிறகு வகுப்பில் 1938 ஆம் ஆண்டுப் பாடம் வந்தது. பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்த போராட்டம். நவம்பர் 13 அன்று சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் பெண்கள் மாநாடு கூடியதையும், ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்று அழைக்க அங்கே தீர்மானம் நிறைவேறியதையும் சொன்னேன். மறுநாளே மறியலுக்குப் போய்க் கைதானவர்களைப் பற்றிச் சொன்னேன். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற பெண்கள் மொத்தம் 73 பேர். தாய்மார்களோடு சிறைக்குள் போன குழந்தைகள் 32. கோவிலில் வியந்து நின்ற அதே பெண் எழுந்தாள்: “அந்த 73 பேரின் பெயர் என்ன, டீச்சர்?”

தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், கைக்குழந்தையையும் விடாமல் வந்த சீதம்மாள். ஐந்து பெயர்களோடு நின்றுவிட்டேன். மீதி 68 பேர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. கல்லில் வெட்டிய காலத்துப் பெண்களின் வீட்டு எண்ணைச் சொல்ல முடிந்த எனக்கு, அச்சு இயந்திரமும் செய்தித்தாளும் இருந்த காலத்துப் பெண்களின் பெயரைச் சொல்ல முடியவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வேலு நாச்சியாரையும் முத்துலட்சுமி ரெட்டியையும் பாடத்தில் சேர்த்திருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி. 1927 இல் ஒரு பெண் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குள் நுழைந்தார் என்று படிக்கும்போது முன்வரிசைப் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் மனக்குறை அந்தப் பெரிய பெயர்களுக்குப் பின்னால் வருகிற வாக்கியத்தின் மேல்தான்: ‘பெண்களும் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர்.’ நானே இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப்போட்டிருக்கிறேன். வேலையையும் வீட்டையும் விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிறைக்குப் போன ஒருத்தியின் வாழ்க்கை அந்த ‘திரள்’ என்ற சொல்லுக்குள் காணாமல் போய்விடுகிறது.

காலம் கடந்துவிட்டால் இது திரும்பக் கிடைக்காது. வென்று வந்த கரிகாலனைப் பார்த்து, உன்னிடம் தோற்று வடக்கிருந்தவன் (உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விடத் துணிந்தவன்) உன்னைவிட நல்லவன் அல்லவா என்று பாடினாரே ஒரு குயவர் குலத்துப் பெண், அவருக்கு ஊரும் தொழிலும் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. வெண்ணிக் குயத்தியார் என்கிறோம். அவரைத் தாய் எப்படிக் கூப்பிட்டாள் என்பதை இனி யாராலும் மீட்டுத் தர முடியாது.

1938 அவ்வளவு தூரத்தில் இல்லை. அன்றைய ‘விடுதலை’, ‘குடி அரசு’ இதழ்கள் இருக்கின்றன. எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அந்தப் பெண்களின் பேரன் பேத்திகள் நம் ஊர்களில்தான் எங்கோ இருக்கிறார்கள். இரண்டு மூன்று ஆய்வு மாணவர்களைச் சில மாதங்களுக்கு இந்த வேலையில் அமர்த்துங்கள்.

அடுத்த பதிப்பில் எனக்கு ஒரு பக்கம் வேண்டும். படமோ அலங்காரமோ தேவையில்லை. 73 வரிகள்: பெயர், ஊர், சிறையில் இருந்த காலம், உடன் சென்ற குழந்தையின் பெயர். கிடைக்காத இடத்தை நிரப்ப ‘முதலானோர்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொண்டு வரட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்